அத்தான் துளைத்த கடதாசி

என் அலுமாரியில் நான்காக மடித்த தடித்த கடதாசி ஒன்று கிடக்கிறது. விரித்தால் ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் எங்கள் துறைமுகம்: இறங்குதுறைகள், கடலின் ஆழம் குறித்த பொடிப் பொடி எண்கள். நடுவில் வட்டமாக ஒரு துளை, அதன் விளிம்பிலிருந்து அம்பின் வாலிறகுகள் கிழித்த மூன்று சின்னக் கீறல்கள். அம்பின் முனை போன வழியிலேயே வாலும் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இது எனக்கு அத்தான் சொல்லித்தான் தெரியும். அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன்.

அத்தான் கப்பல் இயந்திரம் திருத்துகிறவர். கோதுமை கொண்டுவந்த கப்பலொன்றில் பழுதான பம்பியைத் திருத்திக் கொடுத்தபோது, அதிலிருந்த வெள்ளைக்கார இஞ்சினியர், தான் பாவித்து அலுத்த வில் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டான். கோயில் தேரில் செதுக்கியிருக்கிற மாதிரி வில் அல்ல. இரண்டு நுனியிலும் கப்பி பூட்டி, கப்பிகளுக்கிடையே கம்பி வடம் ஓடுகிற உலோக வில். யுத்த காலம், திருகோணமலை, வீட்டுக்குள் ஒரு வில்! அக்கா தலையில் கை வைத்துவிட்டாள். "உங்களுக்கென்ன விசரே? இருக்கிற கரைச்சல் காணாதே?" அத்தான் எதையும் ஒளித்து வைக்கிற ஆளில்லை. கிராம சேவகரிடம் கடிதம் எடுத்து, வில்லையும் தூக்கிக்கொண்டு தானாகவே இராணுவ முகாமுக்குப் போனார். அங்கிருந்தவர்கள் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, கடிதத்தில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். அந்தக் கடிதத்தை அவர் வில்லோடேயே கட்டி வைத்திருந்தார்.

வில் பழசு. ஒரு கப்பி மற்றதைவிட முந்திச் சுழன்றது. அம்பு வாலை ஆட்டிக்கொண்டே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் அன்புவழிபுரத்து வீட்டு முற்றத்தில் அதைச் சரிப்படுத்துவதுதான் அவருக்கு வேலை. உடைந்த யன்னல் சட்டத்தில் கடதாசியை இழுத்து ஒட்டி, பின்னால் தும்பு அடைந்த சாக்கை வைத்து, ஆறடி தள்ளி நின்று அம்பை விடுவார். பிறகு கடதாசியின் கிழிசலை வாசிப்பார். வால் மேலே கிழித்திருந்தால் நாணில் கட்டிய நூல் முடிச்சைக் கீழே இறக்குவார். பக்கவாட்டில் கிழித்திருந்தால் அம்பு இருக்கிற தாங்கியை மயிரளவு நகர்த்துவார். "இடது, கால் சுற்று" என்று அந்தக் கடதாசியிலேயே பென்சிலால் எழுதி, கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைப்பார். நோயாளிக்குக் காய்ச்சல் பார்த்து எழுதுகிற மருத்துவத்தாதி கெட்டாள், அவ்வளவு கவனம்.

பத்திரிகைத் தாள் சரிவரவில்லை. மெல்லிசு, கண்டபடி கிழிந்தது. நான் அப்போது ஒரு கப்பல் முகவரின் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். "மச்சான், உங்கட கந்தோரிலை தடிச்ச கடதாசி ஒண்டும் கிடக்காதே?" என்று கேட்டார். "கிடக்குது அத்தான், கொண்டாறன்" என்றேன். கழித்துப்போட்ட பழைய துறைமுகப் படங்கள் அங்கே மூலையில் குவிந்திருந்தன. நாங்கள் அவற்றை மேசைக்கு விரிப்போம், வடை வைத்துத் தின்போம். சோற்றுப் பாசலைச் சுற்றிக்கொண்டு போகிறவன் போல நாளுக்கு இரண்டு மூன்றாகக் கொண்டுவந்தேன். வரைபடம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எண்ணெய் பட்ட அந்தக் கடதாசி என் கண்ணுக்கு வரைபடமாகவே படவில்லை. மடையன் நான்.

அந்த ஞாயிறு மத்தியானம் அம்பு நேராகப் போனது. அத்தான் சின்னப் பிள்ளை போலத் துள்ளினார். "இஞ்சேரும், ஓடி வாரும்! சரி வந்திட்டுது!" என்று குசினிப் பக்கம் பார்த்துக் கத்தினார். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "கை நாறுது, பிறகு வாறன்." அத்தான் கடதாசியைச் சட்டத்திலிருந்து கழற்றி மடித்து என் சேட்டுப் பொக்கற்றில் வைத்தார். "இதைப் பத்திரமா வைச்சிரு மச்சான், உன்ரை கொக்காவுக்குக் காட்டவேணும்."

அரை மணித்தியாலத்தில் சுற்றிவளைப்பு. வீட்டுக்குள் வந்தவர்கள் வில்லைப் பார்த்தார்கள், கடிதத்தைப் பார்த்தார்கள், பேசாமல் வைத்துவிட்டார்கள். பிறகு ஒருவன் கட்டிலுக்குக் கீழே கையை விட்டான். துளை விழுந்த துறைமுகங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, பென்சில் குறிப்புகளோடு. "இது எங்க எடுத்தது?" என்று பெரியவன் கேட்டான். அத்தான் என்னைப் பார்க்கவேயில்லை. "கடையிலை சாமான் சுத்தித் தந்த கடதாசி, சேர்" என்றார். அவன் என் பக்கம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சேர்" என்றேன். கடதாசி என் நெஞ்சில்தான் இருந்தது.

அத்தானை ஏற்றிக்கொண்டு போனார்கள். வில் முற்றத்திலேயே கிடந்தது, அதை யாரும் சீண்டவில்லை. அக்கா அத்தானின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாத முகாமில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவேயில்லை என்றார்கள். கூடப் போய் வாசலில் நின்றவன் நான். ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிடலாம் என்று வாய் எடுப்பேன். சொன்னதில்லை. கோழை என்பதற்கு வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்தக் கடதாசி என் உடுப்புகளுக்கிடையே அலுமாரியில் இருந்தது. புத்தி கலங்கிய அந்த நாட்களில் நானே வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. போன மாதம், இனியும் ஏலாது என்று, அந்தக் கடதாசியை அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கு முன்பே அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

"இதைச் சொல்லவோடா இவ்வளவு காலம்?" என்றாள். "அடுத்த நாள் தோய்க்கிறதுக்கு உன்ரை சேட்டை எடுத்தனான். பொக்கற்றுக்குள்ளை இருந்தது. கட்டிலுக்குக் கீழை கிடந்த அதே கடதாசி எண்டு தொட்ட உடனை தெரிஞ்சுது. அலுமாரிக்குள்ளை வைச்சது நான்தான்."

"பிறகேன் அக்கா என்னை ஒண்டும் கேக்கேல்லை?"

"கேட்டா நீ முகாமுக்கு ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாய். அவர் உன்னைக் காப்பாத்திப்போட்டுப் போனவர். நான் அதைக் கெடுக்கிறதே?"

அவள் சேலைத் தலைப்பில் கைகளை நன்றாகத் துடைத்தாள். "அண்டைக்கு விரிச்சுப் பாக்கேல்லை. மனம் வரேல்லை" என்றாள். பிறகு கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, மடிப்பு மடிப்பாக விரித்து, அந்தத் துளையின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"சரியாத்தான் வந்திருக்கு" என்றாள். அது எனக்குச் சொன்னதல்ல.