பிலிமத்தலாவையிலிருந்து வந்த வாளி

வெளிநாடு புறப்பட்ட நண்பர், அவசரத்தில் தன் டிஸ்கஸ் எனும் அலங்கார மீன்களை எங்கள் கண்டி வீட்டில் விட்டுச் சென்றார். என் தொட்டியோ புத்தம் புதியது. மீன் கழிவின் நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் பில்டரில் வளர வாரக்கணக்காகும். மறுநாளே மீன்கள் கறுத்து, மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்கின. தண்ணீர் மாற்றியும் தேறவில்லை.

மீன் வளர்ப்போரின் முகநூல் குழுவொன்றில் என் எண்ணைக் கொடுத்து உதவி கேட்டேன். கண்டியை அடுத்த பிலிமத்தலாவையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அழைத்தார்.

"தம்பி, ஒரு வாளியோட உடனே வாங்க."

அவருடைய தொட்டியில் ஒரு டிஸ்கஸ் ஜோடி இருந்தது. அவற்றின் உடலில் சுரக்கும் வழுவழுப்பை உணவாக மேய்ந்தபடி பொடிக் குஞ்சுகள். பலமுறை முட்டைகள் வீணான பிறகு முதன்முதலாகப் பிழைத்தவை என்றார். சொல்லிக்கொண்டே பில்டரைத் திறந்து, நுண்ணுயிர்கள் படிந்து பழுப்பேறிய பஞ்சிலும் செராமிக் வளையங்களிலும் பாதியை எடுத்து, தொட்டித் தண்ணீரோடு என் வாளியில் போட்டார். நான் பதறிவிட்டேன்.

"அக்கா, ஒங்க குஞ்சுகளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"பயம் எனக்கும்தான். தீனியக் கொறச்சு, தினமும் தண்ணி மாத்திப் பாத்துக்கொள்றேன். உங்கட மீனுக்கு இது இண்டைக்கே வேணுமே. குழாய்த் தண்ணியில மட்டும் கழுவிடாதீங்க, அதில இருக்கிற குளோரின்ல நுண்ணுயிரெல்லாம் செத்துப்போகும்."

வாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். சில நாட்களில் என் மீன்கள் நிறம் திரும்பி, தீனிக்கு ஓடி வந்தன. சந்தோஷத்தில் அவருக்கு அழைத்தேன். குஞ்சுகளில் சில இறந்துவிட்டன என்றார்.

"என்னாலதானா அக்கா?"

"குஞ்சுண்டா சிலது போகத்தான் செய்யும். உங்கட மீன் இப்ப என்ன சாப்பிடுது?"

அவர் பேச்சை மாற்றியது எனக்குப் புரிந்தது. தனக்கே தேவைப்படுவதில் பாதியைத் தந்து, இழப்பையும் என் தலையில் வைக்காத ஒருவரை அன்றுதான் அறிந்தேன்.