தனகோடிக்கு இன்று ஆஃப்

சென்ற ஞாயிறு, விடியற்காலை. வடலூர்ச் சாலைத் தேநீர்க் கடையில் மிதிவண்டியைச் சாய்த்துவிட்டு நின்றிருந்தேன். பக்கத்தில் இன்னொரு மிதிவண்டி வந்து நின்றது. என்னுடையதைப் போன்றதன்று. கியர் உண்டு, தண்ணீர்ப் புட்டி உண்டு, பின்புறம் கண்சிமிட்டும் சிவப்பு விளக்கும் உண்டு. வந்தவர் நெய்வேலிச் சுரங்கத்தில் பணிபுரியும் பொறியாளர். நாற்பதை ஒட்டிய வயது. இந்தப் பத்தியை வாரந்தோறும் படிப்பவராம்.

"சார், வண்டி வாங்கிப் பல மாசம் ஆச்சு. எடுக்கிறதே எப்பவாவதுதான். அலாரம் அடிக்குது, அமுக்கிட்டுத் திரும்பிப் படுத்துக்கறேன். நீங்க இந்த வயசுல டெய்லி வர்றீங்க. மோட்டிவேஷன் எப்படி சார் வருது?"

"பழக்கம்தான்" என்றேன்.

"சீக்ரெட்டைச் சொல்ல மாட்டீங்க போல" என்று சிரித்தார்.

நானும் சிரிக்க முயன்றேன். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குரிய விடை, தெருவோரம் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடியதாக இல்லை. இங்கே எழுதிவிடுகிறேன். அவர் படிப்பாரல்லவா?

சென்ற ஐப்பசியில் என் இரத்தத்தில் இருந்த சர்க்கரையின் அளவைப் பார்த்து மருத்துவர் புருவத்தை உயர்த்தினார். முழங்கால்களைத் தட்டிப் பார்த்தார். "நடக்க வேணாம் சார், முட்டி தேஞ்சிருக்கு. சைக்கிள் ஓட்டுங்க. காலையில" என்றார். வாங்கினேன். அது மாடிப்படிக்குக் கீழே நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

எழ முடியாமல் இல்லை. விழிப்பு வந்துவிடும். அதற்குப் பிறகு காரணங்களும் வந்துவிடும். இன்று பனி... இன்று தெருநாய்கள்... இன்று தொண்டையில் ஏதோ கரகரப்பு... வாழ்நாளெல்லாம் பள்ளியில் தமிழ் கற்பித்தவனுக்குக் காரணம் புனையச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? வைகறைத் துயிலெழுதலின் மேன்மையைப் பற்றிக் காலை வணக்கக் கூட்டங்களில் நான் ஆற்றிய உரைகளை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

உண்மைக் காரணம் வேறு. மனைவி மறைந்த பிறகு, நான் எப்போது எழுந்தேன் என்று கேட்பதற்கு அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. எழுந்து என்ன ஆகப்போகிறது? போர்வையைவிடக் கனமானது அந்தக் கேள்விதான்.

மார்கழியில் ஒருநாள், இருள் பிரியாத நேரத்தில், வாயிற்கதவை யாரோ தட்டினார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை.

பணி ஓய்வு பெற்றால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும் என்பது இங்கே எல்லாரும் அறிந்தது. ஊர் திரும்ப மனமில்லாதவர்கள் வெளியே மனை வாங்கி வீடு கட்டிக்கொள்வோம். அப்படி எனக்கு அண்டை வீட்டாராக வாய்த்தவர்கள் தனகோடியும் அவர் மனைவி அஞ்சலையும். தனகோடிக்குக் கம்மாபுரம் பக்கம் ஒரு சிற்றூர். நிலம் சுரங்கத்துக்குப் போனது, வேலை கிடைத்தது. கன்வேயர் பிரிவில் உழைத்து, சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றார். அண்மைக் காலமாக அவருடைய நினைவு தேய்ந்துகொண்டிருந்தது. மகனின் பெயர் மறந்துபோயிற்று. முதல் ஷிப்ட் மறக்கவில்லை.

('பணிமுறை' என்று எழுதத்தான் எனக்கு விருப்பம். எழுதினால் நெய்வேலியில் எவருக்கும் விளங்காது.)

"சார், அவரு கெளம்பி நிக்கிறாரு சார்" என்றார் அஞ்சலை. "பேண்டு, ஷூவு, ஹெல்மெட்டு எல்லாம் மாட்டிக்கினு. டூட்டிக்குப் போவணுமாம். ரிட்டேர்டு ஆயிட்டன்னு எத்தினி தபா சொல்றது?"

"கதவைப் பூட்டி வைத்தால் என்ன, அம்மா?"

"நேத்து பூட்டுனேன். செவுத்துல மண்டைய முட்டிக்கினாரு. ரத்தம் வந்துடுச்சி சார்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன மாசம் காணாமப் போயி, கம்மாபுரத்துல கண்டுபுடிச்சிக் கூட்டியாந்தோம். பையன் துபாய்லேர்ந்து கண்டிசனா சொல்லிட்டான். இன்னொரு தபா இப்டி ஆச்சின்னா ஹோமுல சேத்துடுவானாம். அங்க வுட்டா இவரு ஒரு மாசம் தாங்க மாட்டாரு சார். கூடப் போயி திருப்பிக் கூட்டியாந்துட்டாப் போதும். நீங்க சைக்கிளு வெச்சிருக்கீங்களே..."

நீங்கள் மிதிவண்டி வைத்திருக்கிறீர்களே! மருத்துவரின் எச்சரிக்கையால் ஆகாத காரியம் அந்த ஒரு சொற்றொடரால் ஆயிற்று. காலுறைகூட அணியாமல் வண்டியை எடுத்தேன்.

அன்று முதல் ஒவ்வொரு வைகறையும் அப்படியே. பனியில் தெருவிளக்குகள் மஞ்சள் புகைபோலத் தெரியும். முதல் ஷிப்ட் தொழிலாளர்களை ஏற்றிய பேருந்துகள் எங்களைக் கடந்து செல்லும். அனல்மின் நிலையத்தின் கரிவாடை காற்றில் இருக்கும். தனகோடி முன்னே, நான் பின்னே. வழி தவறவே மாட்டார். நான் யார் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. அதற்கு அவரே ஒரு தீர்வு கண்டார் — என்னைக் கான்ட்ராக்ட் தொழிலாளி என்று முடிவுகட்டிவிட்டார்.

"யோவ், ஹெல்மெட்டு எங்க? கான்ட்ராக்டுன்னா மண்ட மண்டயில்லயா?"

"நாளைக்குப் போட்டு வருகிறேன், தனகோடி."

"என்னா வயசாவுது ஒனக்கு? இந்த வயசுல கான்ட்ராக்டுல ஓடிக்கினு இருக்கிற. நெலம் எதுனா எடுத்தாங்களா?"

"எனக்கு நிலமே கிடையாது."

"அப்ப கஷ்டந்தான்யா." சிறிது தூரம் மிதித்தார். பிறகு, "கவலப்படாத. பெர்மனென்ட்டுக்கு நான் சொல்லி வெக்கிறேன். நாலெழுத்துப் படிச்சிருக்கியா?" என்றார்.

"கொஞ்சம்."

"அதான் பேச்சு ஒருமாதிரி இருக்குது."

இதற்குமுன் என்னை இத்தனை துல்லியமாக எவரும் மதிப்பிட்டதில்லை. மறுநாள் முதல் நானும் ஒரு தலைக்கவசம் அணிந்துகொண்டேன்.

போவது எளிது, அவரைத் திருப்புவதுதான் பெரும்பாடு. சுரங்க வாயிலுக்குச் சற்று முன்னால் ஒரு ரவுண்டானா இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டால் காவலாளிகளோடு வாக்குவாதம். "என் கேட்டுல என்னையே வுட மாட்றியா?" என்று சாலையில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் வெயில் ஏறும்வரை அவர் எழவில்லை. வீடு திரும்பியபோது அஞ்சலை தெருமுனைக்கே வந்து நின்றிருந்தார். கையில் கைப்பேசி. மகனை அழைப்பதா வேண்டாமா என்று கலங்கிப்போயிருந்தார்.

அன்றிரவெல்லாம் யோசித்தேன். மறுநாள் ரவுண்டானாவில் வண்டியை நிறுத்தி, "தனகோடி, உங்களுக்கு இன்றைக்கு ஆஃப் அல்லவா?" என்றேன்.

அவர் ஒரு காலை ஊன்றி நின்றார். நெற்றியைச் சுருக்கினார். பிறகு முகம் மலர்ந்தது.

"அட, ஆமால்ல. ஆஃப்புலகூட எழுந்து வந்துட்டம் பாரு. வா, டீ குடிக்கலாம்."

அவ்வளவுதான். அதன்பின் நாள்தோறும் அதே இடம், அதே சொல், அதே மலர்ச்சி. நாள்தோறும் அவருக்கு ஆஃப். சொன்னது மறுநாள் அவர் நினைவில் இராது. ஆகவே மீண்டும் சொல்லலாம். வீட்டு வாசலில் அவர் வண்டியை ஏற்றும்வரை அஞ்சலை காத்து நிற்பார். ஏற்றியதும் உள்ளே போய்ச் சட்னிக்கு அரைப்பார்.

"எப்டி சார் திருப்புறீங்க?" என்று ஒருமுறை கேட்டார்.

"ஏதோ பேசித் திருப்பிவிடுகிறேன், அம்மா" என்றேன். உங்கள் கணவரிடம் நாள்தோறும் பொய் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? என் உத்தியில் எனக்கொரு சிறு கர்வமும் இருந்தது. அந்தக் காலத்தில் எனக்குச் சர்க்கரையும் குறைந்தது. மருத்துவர் என் மன உறுதியைப் பாராட்டினார். மறுக்காமல் கேட்டுக்கொண்டேன்.

பங்குனி பிறந்தது. ஒருநாள் வழக்கம்போல் வண்டியோடு போய் நின்றேன். வாசலில் தனகோடியைக் காணவில்லை. அஞ்சலை உதட்டில் விரல் வைத்தபடி வந்தார்.

"தூங்குறாரு சார். எழுப்பிடாதீங்க. கொறட்ட வுட்டுக்கினு தூங்குறாரு." அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். "தேறிக்கினு வர்றாரோ?"

"இருக்கலாம், அம்மா."

வீட்டுக்கு வந்து நானும் படுத்தேன். எனக்கும் விடுமுறை கிடைத்ததே என்ற மகிழ்ச்சி. அஞ்சலையும் அப்படியே. நண்பகலில் கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உண்டிருக்கிறார்கள். பல மாதங்களாக அரைத் தூக்கம் தூங்கிய அந்த அம்மையார் மின்விசிறிக்கு அடியில் சற்றே தலை சாய்த்திருக்கிறார். அயர்ந்துவிட்டார்.

விழித்தபோது மிதிவண்டி இல்லை. ஆணியில் தலைக்கவசமும் இல்லை.

அஞ்சலை ஓடிவந்து சொன்னதும் ரவுண்டானாவை நோக்கித்தான் மிதித்தேன். வேறெங்கே போவார்? நான் போய்ச் சேர்வதற்குள் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். ரவுண்டானா ஓரத்தில் இளநீர் வெட்டுகிறவர் நடந்ததைச் சொன்னார்.

"வண்டிய நிறுத்திட்டு வெயில்லயே நின்னுகினு இருந்தாரு சார், ஹெல்மெட்டோட. நெழலுக்கு வாங்கன்னு கூப்ட்டேன். 'கூட ஒரு கான்ட்ராக்ட்டு ஆளு வரணும், எங்க போனான்னு தெரியல, வந்தாதான் போவணும்'ன்னாரு. நான் வியாவாரத்தப் பாத்துகினு இருந்துட்டேன். திரும்புனா... வுழுந்து கெடக்கறாரு."

மருத்துவமனையில் அவர் கண்விழிக்கவில்லை. மறுநாள் போய்விட்டார்.

மகன் வந்தார். காரியங்கள் எல்லாம் முறைப்படி நடந்தன. வந்தவர்கள் ஒரே கதையைத்தான் பேசிக்கொண்டார்கள். புத்தி தவறிய மனிதர், வழி தெரியாமல் திரிந்து, வெயிலில் விழுந்து மாண்டார் என்று. புறப்படும் நாளன்று மகன் தாயிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "அப்பவே சொன்னேன்ல? ஹோமுல வெச்சிருந்தா அப்பா இன்னிக்கு இருந்திருப்பாரும்மா. நீ தூங்கிட்ட."  அதற்குப் பிறகு அஞ்சலை யாரிடமும் பேசவில்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து வைத்த சோறு அப்படியே இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் வாளாவிருக்க இயலவில்லை. ஒரு மாலை போய் அமர்ந்து, நாள்தோறும் தனகோடியை எப்படித் திருப்பினேன் என்பதைச் சொன்னேன். அவருடைய துன்பத்தில் ஒரு பங்கை நானும் ஏற்க வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு வேறு நோக்கம் இல்லை.

அஞ்சலை நிமிர்ந்தார்.

"ஆஃப்புன்னா சொன்னீங்க?"

"ஆமாம், அம்மா."

"அதுக்கு மொத நாளும் அதயேதான் சொன்னீங்களா?"

"எல்லா நாளும் அதைத்தான் சொன்னேன்."

விரல்களை மடக்கி எதையோ எண்ணினார்.

"ஆஃப்பு முடிஞ்சா ஷிப்ட்டு மாறும் சார். ஃபஸ்ட் ஷிப்ட்டு ஓட்டுனா, ஆஃப்பு வரும். அப்பறம் செகண்ட் ஷிப்ட்டு. மதியம் ரெண்டு மணிக்குப் போயிடணும். ஒரு மணிக்கெல்லாம் வூட்ட வுட்டுக் கெளம்பிடுவாரு. வருசக்கணக்கா அப்டித்தான சோறு கட்டிக் குடுத்தேன்."

மணியடித்தால் பள்ளி, மணியடித்தால் வீடு என்று காலம் கழித்தவன் நான். எனக்கு அது தெரியாது. தெரிந்தவரிடம் நான் சொல்லவில்லை. அத்தனை நாளும் தனகோடியின் மனத்தில் தங்காத என் பொய், அன்று ஒருநாள் தங்கிவிட்டிருக்கிறது. அதனால்தான் காலையில் நிம்மதியாக உறங்கினார். அதனால்தான் மதியச் சோறு உண்டதும் வேலைக்குப் புறப்பட்டார். அன்று தனகோடியின் நினைவு தவறவே இல்லை.

ஏசுவார் என்று தலைகுனிந்திருந்தேன். அவரோ கைப்பேசியைத் தேடி எடுத்தார்.

"டேய், அம்மாதான்டா பேசறேன். ஒங்கப்பா வழி தெரியாம ஒண்ணும் போவலடா. செகண்ட் ஷிப்ட்டுக்குப் போயிருக்காரு. ஆமாடா... டூட்டிக்குத்தான். கரெக்டா போயிருக்காரு. ஒன் மாமனார் வூட்டுலயும் சொல்லிடு."

அன்று இரவு அவர் சாப்பிட்டதாக அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். நான் சாப்பிடவில்லை.

பொறியாளர் அவர்களே, நான் ஏன் இன்னும் விடியலில் புறப்படுகிறேன் என்கிறீர்களா? ஐந்து மணியானால் அஞ்சலை வாசலில் வந்து நின்று தெருமுனையைப் பார்க்கிறார். என் படுக்கையறைச் சாளரத்தின் வழியே அது தெரிகிறது. அதற்கு அப்புறம் யாரால் படுத்துக்கிடக்க முடியும்?

உறங்குவதற்கு உங்களுக்கு இன்னும் காரணங்கள் இருக்கின்றன. உறங்குங்கள்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். இன்னொருவரின் நன்மைக்காகப் பொய் சொல்ல நேர்ந்தால், தாராளமாகச் சொல்லுங்கள் — மறுநாள் என்ன ஷிப்ட் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள்.