கக்கூஸ்காரி

என் மகள் மண் தின்றாள். இதை மறைத்துப் பேசி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தேயிலைத் தோட்டத்துக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைனில் எங்கள் வீடு. அங்கே அடுப்புக்குப் பின்பக்கச் சுவரில் ஒரு பள்ளம் இருந்தது. அவள் நகத்தால் சுரண்டிச் சுரண்டி விழுந்த பள்ளம் அது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இருக்காது. தண்ணீர்க் குழாயிலிருந்து வீட்டுக்கு ஒரு சின்ன மேடுதான். அதை ஏறுவதற்குள் பல தடவை உட்கார்ந்துவிடுவாள்.

மூத்த பையனும் இப்படித்தான் இருந்தான். முகம் வீங்கி, வயிறு ஊதி, மூச்சு வாங்கி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தான். "மண்ணைத் தின்னே செத்துட்டான்" என்று லைன் முழுக்கச் சொன்னார்கள். இவளையும் அப்படிக் கொடுக்க நான் தயாராக இல்லை.

தேவாலாப் பக்கம் மழை பிடித்தால் மாதக்கணக்கில் தரை காயாது. வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் நாங்கள் வெறுங்காலோடு கொழுந்து பறித்தோம். மழை தொடங்கியதும் கால் விரலிடுக்கில் அரிப்பு வரும். சேற்றுப்புண் என்று சொல்லிக்கொண்டு, சொறிந்தபடியே வேலை செய்வோம்.

வருஷத்துக்கு ஒரு நாள் வயிற்றுப் பூச்சி மருந்து நாள். டாக்டரும் தேவாலா ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும் வருவார்கள். முதலில் காட்டமான ஒரு எண்ணெய் மருந்து, பிறகு பேதி உப்புக் கரைசல். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வருஷம் கம்பவுண்டரிடம் கேட்டாள்:

"ஏனுங்க, அத்தனை பூச்சியும் போயிருச்சுன்னா சோறு எப்படிங்க செரிக்கும்? ஒண்ணு ரெண்டு இருந்துட்டுப் போகட்டுங்க."

"ஒண்ணு ரெண்டு உட்டு வெக்கறதுக்கு அது என்ன அடைகோழியா? குடிம்மா."

குடித்தோம். உப்பு வேலை செய்ததும் அத்தனை பேரும் லைனுக்கு மேலே இருக்கும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓடினோம். மறுநாள் மழை பெய்தது. அத்தனையும் எங்கள் வாசலுக்கே இறங்கி வந்தது. அதில்தான் பிள்ளைகள் விளையாடின.

கக்கூஸ் இல்லாமல் இல்லை. லைனுக்குப் பின்னால் கல் சுவர் வைத்து, தகரக் கூரை போட்டு, ஆழமாகக் குழி வெட்டிக் கட்டியிருந்தார்கள். ஆனால் அதற்குப் பூட்டு. சாவி, எங்களை வேலை வாங்கும் மேஸ்திரியின் இடுப்பில். டாக்டர் வரும் நாள் காலையில் திறந்து, சுண்ணாம்பு அடித்து, அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் மறுபடி பூட்டிவிடுவார்கள்.

மருந்து குடித்த பின் கொஞ்ச நாள் மகள் தேறினாள். மழை வந்ததும் பழையபடி சுவரடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு தேவாலாவுக்கு நடந்தேன்.

கம்பவுண்டர் அவள் இமையை இழுத்துப் பார்த்தார். "மருந்து குடுக்கறேன். ஆனா மறுபடியும் ஏறிக்குமே. இந்தப் பூச்சி மலத்துல இருந்து மண்ணுக்கு வந்து கால் வழியா உள்ள ஏறுது. குடல்ல கடிச்சுக்கிட்டு ரத்தத்தைக் குடிக்குது. ரத்தம் கொறஞ்சதுனாலதான் புள்ள மண்ணு திங்குது. நீங்க எல்லாரும் கக்கூஸுக்குப் போனா அடங்கிரும்."

"எந்தக் கக்கூஸுக்குங்க?"

"உங்க லைனுக்குப் பின்னால இருக்குதே, நல்லாக் கட்டியிருக்காங்களே."

"அது பூட்டிக் கெடக்குதுங்க. நீங்க வர்ற அன்னைக்கு மட்டும் தொறப்பாங்க."

மனுஷன் மருந்துப் புட்டியைக் கீழே வைத்துவிட்டார். "வருஷா வருஷம் பாக்கறோம். எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்கன்னு டாக்டர்கூட மெச்சிக்கிட்டாரே!"

"யாருமே போகாத கக்கூஸு சுத்தமாத்தானுங்க இருக்கும்."

திரும்பும் வழி முழுக்க அந்தப் பூட்டுதான் கண்ணில் நின்றது. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராக மேஸ்திரி வாசலுக்குப் போனேன். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"கக்கூஸுக்குப் போறதுக்கு. வேற எதுக்கு, சமைக்கறதுக்கா?"

அவர் சிரித்தார். "பாருங்கப்பா, இவளுக்குத் துரைசானியாட்டக் கதவு போட்ட எடம் வேணுமாம்! டாக்டர் வர்றப்ப நாறுனா துரை என்னையத்தான் கேப்பாரு. காடு கெடக்குது, போ புள்ள."

"அந்தக் காட்டுனாலதான் எம் பையன் செத்தான்."

"உம் பையன் மண்ணத் தின்னு செத்தான்."

வீட்டுக்குப் போய், தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியை எடுத்து வந்தேன். நாதாங்கிக்குள் நுனியை விட்டு நெம்பினேன். கத்தி நுனி உடைந்தது. நாதாங்கியும் பெயர்ந்தது. பூட்டை எடுத்துப் போய் மேஸ்திரி காலடியில் போட்டேன். "பத்திரமா வெச்சுக்குங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. உள்ளே இருட்டு என்றார்கள். குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று பிள்ளைகள் அழுதன. பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டே கேட்டாள்:

"எல்லாரும் போற எடத்தை யாரு கழுவறது? அதுக்குன்னு இருக்கற சாதிசனம் நம்ம லைன்ல இல்லையே?"

மேஸ்திரிமேல் வந்த கோபத்தைவிட எனக்கு இதில் அதிகக் கோபம் வந்தது. "நாங் கழுவறேன். உங்க சாதி உங்க குடத்துக்குள்ளயே இருக்கட்டும்" என்றேன். மறுநாள் காலையில் விளக்குமாறோடு போய்க் கழுவினேன். அன்றைக்கே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: கக்கூஸ்காரி. குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். கொழுந்து பறிக்கும்போது எனக்குப் பக்கத்து வரிசைக்கு யாரும் வரமாட்டார்கள். நான் தினமும் கழுவினேன்.

என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர். அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது ஒரு சாக்குச் சாம்பலைத் தோளில் சுமந்து வந்தார். கேட்காமலே குழியில் கொட்டினார். நாற்றம் அடங்கியது. பிறகு பிள்ளைகளுக்கென்று சின்ன ஓட்டை வெட்டிய பலகை ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். முதலில் பிள்ளைகள் வந்தன. அப்புறம் தாய்மார்கள், ஆண்கள் கடைசியில்.

மேஸ்திரி சும்மா இருப்பாரா? துரையைக் கூட்டிக்கொண்டு வந்தார். துரை மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"பூட்டச் சொல்றாரு" என்றார் மேஸ்திரி.

"பூட்டச் சொல்லுங்க. நாளைக்கும் ஒடைப்பேன். கத்தியில நுனிதான் போயிருக்குது."

பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது. "அவ ஒடைக்கலீன்னா நான் ஒடைப்பனுங்க." அவளுடைய சின்னவனுக்கும் அப்போது இமை வெளுத்துத்தான் இருந்தது.

சுற்றி நின்ற பெண்கள் யாரும் கொழுந்துக் கூடையை எடுக்கவில்லை. துரை மேலே தேயிலைச் செடிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், போய்விட்டார். பூட்டு திரும்பி வரவில்லை. துரைக்கு இரக்கம் வந்ததாகப் பின்னால் சிலர் சொன்னார்கள். பொய். செடியில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த பூச்சி மருந்து நாளில் யாரும் செடிகளுக்கு நடுவே ஓடவில்லை. கக்கூஸ் வாசலில் வரிசை நின்றது. வரிசையில் சண்டையும் நடந்தது. நான் சுவர்ப் பள்ளத்தைச் சேறு வைத்து அடைத்து, சாணி போட்டு மெழுகினேன். மழை வந்தது, போனது. மெழுகிய இடத்தில் நகக்கீறல் விழவில்லை.

அந்த மழை விட்ட சமயத்தில் பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க என் வாசலில் வந்து நின்றாள்.

"உம் மவளக் கண்டிச்சு வெய்யி! எம் பையன் வெளையாட்டுக்குக் 'கக்கூஸ்காரி மவளே'ன்னு சொல்லிப்போட்டான். அதுக்குக் கொழாயடியில இருந்து தொரத்தித் தொரத்தி அடிச்சிருக்கறா!"

"கொழாயடியில இருந்தா?"

"ஆமா! மேடு முழுக்க!"

"நடுவுல எங்கியும் உக்காரலையா?"

அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அடிக்க வர்றவ எதுக்கு உக்கார்றா?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். காப்பித்தண்ணி வைத்துக் கொடுத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.