வகுப்பின் நோயாளி

அம்மாவின் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனதும் எனக்கு ஒரு வேலை தேவைப்பட்டது. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும்தான். அதைவிடவும், காலையில் புறப்பட்டுப் போக ஓர் இடமும், போனால் "வந்தாச்சா" என்று கேட்க ஓர் ஆளும் வேண்டியிருந்தது. நான் ஒரே பெண். கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. அப்பா சீக்கிரமே போய்விட்டார், அம்மா பக்கவாதத்தில் விழுந்தார், பெண் பார்க்க வந்தவர்கள் அம்மாவின் கட்டிலைப் பார்த்துவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அம்மா விழுவதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தேன். அந்த அனுபவத்தைச் சொல்லிக்கொண்டு நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு ஜவுளிக்கடையில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "முப்பதுக்குள்ள கேக்குறாங்கம்மா" என்றார்கள். இன்னொரு கடையில் கல்லாவில் இருந்தவர், "உங்க பொண்ணுக்கா கேக்குறீங்க?" என்றார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன். வெயிலில் தொண்டை வறண்டு கிடந்ததால் பிழைத்தார்.

நான் இருக்கும் உப்பளம் பகுதியில், எங்கள் தெருவுக்குள் ஒரு நாள் மைக் கட்டிய ஆட்டோ வந்தது. வேலை இல்லாதவர்களுக்கு இலவசத் தொழிற்பயிற்சி, பத்தாம் வகுப்பு தேறியவர்கள் தவறியவர்கள் யாரும் வரலாம், வயது பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வரை. கடைசி வார்த்தை காதில் விழுந்ததும் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஆட்டோவின் பின்னால் ஓடினேன். நாற்பத்தைந்துக்கு எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

கம்ப்யூட்டர், ஏசி மெக்கானிக், வீட்டு நோயாளிப் பராமரிப்பு என்று வரிசையாகச் சொன்னார்கள். கடைசியில் சொன்னதைத்தான் நான் வருடக்கணக்காகச் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்தேன். அதில் சேர்ந்தேன்.

மூலக்குளத்தில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. வில்லியனூர் பஸ்ஸில் போய் இறங்குவேன். படிக்க வந்ததெல்லாம் சின்னஞ்சிறுசுகள். கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள், பிளஸ் டூவோடு நின்றவர்கள், வீட்டில் சும்மா இருக்காதே என்று விரட்டப்பட்டவர்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மொத்த வகுப்பும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றது. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து நான் ஆன்ட்டி.

பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற நர்ஸ். சிஸ்டர் என்று கூப்பிடுவோம். எல்லாவற்றையும் ஜோடி ஜோடியாகச் செய்து பழக வேண்டும் என்பது அவர் முறை. ஒருவர் கட்டிலில் நோயாளியாகப் படுக்க வேண்டும், மற்றவர் திருப்பிப் படுக்கவைப்பது, உடம்பு துடைப்பது, விரிப்பு மாற்றுவது எல்லாம் செய்ய வேண்டும். எதைச் செய்வதற்கு முன்னாலும் நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முடித்த பிறகு நன்றி சொல்ல வேண்டும். அவர் மட்டும் பழைய பிரெஞ்சு ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் "மெர்சி" என்பார்.

ஜோடி பிரித்தபோது எல்லாரும் தோழிகளோடு ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு பையன்கள் ஒரு ஜோடி. நான் மிஞ்சினேன். எனக்கு அது பழக்கம்தான். சிஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க வந்து படுங்க. உங்கள வச்சு எல்லாருக்கும் செஞ்சு காட்டுறேன்" என்றார்.

அப்படித்தான் நான் வகுப்பின் நிரந்தர நோயாளி ஆனேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தால், மாற்றி மாற்றிப் பிள்ளைகள் வருவார்கள். தலைக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குவார்கள். முதுகுக்குத் தலையணை வைப்பார்கள். ஈரத்துண்டால் கையைத் துடைத்து, விரல் இடுக்கெல்லாம் ஒற்றி எடுப்பார்கள். தலை வாரிப் பின்னிவிடுவார்கள். நோயாளிக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, என் மேலேயே குனிந்துகொண்டு தங்கள் காதல் விவகாரம் அத்தனையும் பேசுவார்கள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி மட்டும், என்னைத் தொடுமுன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடுபறக்கத் தேய்த்துக்கொள்வாள். "என் கை ஐஸா இருக்கும் ஆன்ட்டி, திட்டாதீங்க" என்பாள்.

அம்மா போன பிறகு என்னை யாரும் தொட்டிருக்கவில்லை. பஸ்ஸில் இடித்தவர்களைக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தப் பெண்ணின் கை என் நெற்றியில் படும்போது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும். கண்ணை மூடிக்கொள்வேன். நோயாளிதானே, கண்ணை மூடியிருந்தால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் கொடுமை. வகுப்பு கிடையாது. பெரிய மார்க்கெட்டுக்குப் போய்க் கூட்டத்தில் இடிபட்டு, தேவையே இல்லாமல் மீன்காரம்மாவிடம் பேரம் பேசிச் சண்டை போடுவேன். பேச ஆள் வேண்டுமே. "ஒரு துண்டு மீனுக்கு இம்மாம் பேச்சா? ஊட்டுல எத்தினி பேரும்மா?" என்று அவர் கேட்டார் ஒரு தடவை. நான் அடுத்த வாரத்திலிருந்து வேறொருவரிடம் வாங்கினேன்.

தேர்வு நெருங்கியபோதுதான் சிஸ்டருக்கு உறைத்தது. "ஏம்மா, நீங்க படுத்துக்கிட்டே இருந்தா எப்படி? வெளியிலேர்ந்து ஆள் வந்து பாப்பாங்க. பாஸ் பண்ணாதான் வேலைக்கு அனுப்ப முடியும். எழுந்திரிங்க."

பாகூர்ப் பெண் படுத்தாள். நான் அவளைத் திருப்பினேன், விரிப்பை மாற்றினேன், தலையணை வைத்தேன். கை தானாக வேலை செய்தது. நிமிர்ந்து பார்த்தால் சிஸ்டர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறார்.

"வேலை சரி. பேசவே இல்லயே நீங்க?"

மறுபடி செய்தேன். மறுபடியும் வாய் திறக்கவில்லை. படுத்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, நீங்க ஒண்ணும் சொல்லாம தூக்குறது ஒரு மாதிரி பயமா இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கு வாதம் வந்தபோதே பேச்சு போய்விட்டது. ஆரம்பத்தில் நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். பதில் வராத பேச்சை எத்தனை நாள் பேச முடியும்? ஒரு கட்டத்தில் அது தானாக நின்றுபோனது. பிறகு அந்த வீட்டில் குக்கர் சத்தமும் டிவி சத்தமும்தான். அம்மா பயந்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இனி கேட்கவும் முடியாது.

வீட்டில் கட்டிலில் தலையணைகளை அடுக்கிவைத்து, சத்தமாகச் சொல்லிப் பழகினேன். "இப்போ உங்கள இந்தப் பக்கமா திருப்பப் போறேன். வலிச்சா சொல்லுங்க." மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வந்திருக்காங்க?" என்றார். "யாரும் இல்லக்கா, படிக்கிறேன்" என்றேன். அவர் உள்ளே இருந்த தலையணைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மேலே போனார். அன்று ராத்திரி ஒரு கிண்ணத்தில் ரசம் கொடுத்தனுப்பினார். என்ன நினைத்துக்கொண்டாரோ தெரியாது, ரசம் நன்றாக இருந்தது.

தேர்வு நடத்த வந்தவர் ஓர் இளைஞர். கையில் டேப்லெட்டை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வீடியோ எடுத்தார். நோயாளியை அம்மா என்றோ ஐயா என்றோ மரியாதையாகக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மார்க் குறையும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். கட்டிலில் பாகூர்ப் பெண். நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "அம்மா" என்றேன்.

அந்த வார்த்தையை நான் யாரையும் பார்த்துச் சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது. தலையணைகளிடம்கூட அதைச் சொல்லாமல்தான் பழகியிருந்தேன். குரல் உடைந்துவிட்டது. டேப்லெட் என் முகத்துக்கு நேராக இருந்தது. கட்டிலில் இருந்தவள் கண்ணைத் திறந்து, விரிப்புக்குக் கீழே என் சுண்டுவிரலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினாள். "அம்மா, இப்போ உங்கள என் பக்கமா திருப்பப் போறேன். பயப்படாதீங்க. நான் புடிச்சிக்கிட்டுதான் இருக்கேன்" என்று முழுதாகச் சொல்லி முடித்தேன். முடிந்ததும் நன்றி என்பதற்குப் பதிலாக என் வாயில் "மெர்சி" வந்துவிட்டது. இளைஞர் சிரித்துவிட்டார். பாஸ் போட்டார்.

சான்றிதழ் கொடுத்த அன்று எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு செல்ஃபி எடுத்தோம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாரம் இதயங்களாகப் பறந்தன. பிறகு ஒவ்வொருவராக ஆஸ்பத்திரி வேலைக்குப் போனார்கள், குரூப் அடங்கிவிட்டது. பாகூர்ப் பெண்ணுக்குச் சென்னையில் வேலை. நான் போட்ட குட் மார்னிங்குக்கு வெறும் கட்டைவிரல் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. என்னை இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். இரண்டிலும் வயதைக் கேட்டார்கள், சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

பழையபடி நானும் நாலு சுவரும். காலையில் எழுந்து குளித்து, தலை வாரி, புடவை கட்டி, போக இடம் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு காலையில் பயிற்சி நிலையத்திலிருந்து போன். வேலைக்கு ஆள் அனுப்பும் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்ணாம், என்னை அவளுக்குத் தெரியாது.

"ஒரு வீட்டுல வயசான அம்மாவ பாத்துக்கணும் மேடம். படுத்த படுக்கை. ஆனா ராத்திரியும் அங்கயே தங்கணும். மாசத்துக்கு ரெண்டு நாள்தான் லீவு. நாலஞ்சு பேர கேட்டுட்டேன், எல்லார் வீட்டுலயும் வேணான்னுட்டாங்க. உங்களுக்கு ஓகேவா?"

வாய் வரைக்கும் வந்துவிட்டது சரி என்று. அதற்குள் அவளே, "அவசரமில்ல மேடம். வீட்டுல கேட்டுட்டு சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

"சரிம்மா, கேட்டுட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உடனே திருப்பிக் கூப்பிட்டால் நன்றாக இருக்காது. ஒரு வீட்டில் கேட்டு, பேசி, முடிவு எடுக்க நேரம் ஆகும் இல்லையா? சமைத்துச் சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். யாராவது இருந்திருந்தால் என்னவெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். முன்னப்பின்ன தெரியாத வீடாச்சே, ராத்திரியில் தங்குவதா, உடம்பு என்னத்துக்கு ஆகும், நீ போய்விட்டால் இங்கே யார் பார்ப்பது என்று ஒரு பாட்டம் தடுத்திருப்பார்கள். நான் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்திருப்பேன். கடைசியில் போய்த் தொலை என்று விட்டிருப்பார்கள். அவ்வளவையும் யோசித்து முடிக்க மணி நாலாகிவிட்டது.

போனை எடுத்தேன்.

"வீட்டுல கேட்டுட்டேம்மா. போகச் சொல்லிட்டாங்க."

"அப்பாடா, தேங்க்ஸ் மேடம்! எங்க வீட்டுல எல்லாம் ஒரு ராத்திரி வெளிய தங்க விட மாட்டாங்க. உங்க வீட்டுல ரொம்ப நல்லவங்க போல" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.