எஞ்சின் கொட்டிலில் அண்ணர் எழுதிய வரி

இந்த நினைவுப் புத்தகமான கல்வெட்டின் முன்பக்கங்களில் எங்கள் அண்ணர்மீது பாடப்பட்ட வெண்பாக்களை வாசித்திருப்பீர்கள். அவற்றில் அவர் கற்பகத் தருவாகவும் குணக் குன்றாகவும் விளங்கி, 'விதிவசத்தால்' சிவபதம் அடைகிறார். புலவரைக் குறை சொல்லமாட்டேன். அவர் அண்ணரைக் கண்டதில்லை. அவர் வாழ்ந்த முப்பது வருடத்தில் இருபத்திரண்டு வருடத்தை அருகில் இருந்து கண்ட தங்கை நான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இதைக் கையில் வாங்கும் உறவினர் சிலருக்கு நான் எழுதுவது கசக்கும். கசக்கட்டும். ஒரு மாதமாக எங்கள் வீட்டிலும் எதுவும் இனிக்கவில்லை.

அண்ணர் பிறந்தது கோப்பாயில், எங்கள் தகப்பனாரான ஐயா பிறந்த அதே வளவில். எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் தரும் கிணறு பங்குக் கிணறு. நாலு பங்குகாரர், நாலு நாளுக்கு ஒருமுறை ஒருவருக்குத் தண்ணீர். விடியற்காலை தொடங்கி உச்சிப்பொழுதோடு முறை முடியும். அதற்குள் இறைத்ததுதான் தண்ணீர். முறை நடக்கும் நேரத்தில் கிணற்றடியில் முறைகாரன் சொல்லே சட்டம். மற்றவர் வாய் திறப்பதில்லை. இது எங்கள் பாட்டன் காலத்து வழக்கம். இதைப் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயாவுக்கு நெஞ்சுநோய் வந்து கிணற்று நீர் இறைக்கும் துலாவை மிதிக்க முடியாமற் போனபோது, கொழும்பிலிருந்து ஒரு மண்ணெண்ணெய் எஞ்சினும் பம்பும் வாங்கி வந்தார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கவில்லை. ஐயாவின் தம்பி, எங்கள் சின்னையா, இன்னொரு பங்குகாரர். கோயிலில் புராணம் வாசிப்பவர். அவர் குரலுக்கு ஊரே வாய் பிளக்கும். அந்தக் குரலில்தான், "எஞ்சின் போட்டால் கிணறு உவர்க்கும்" என்று சொல்லி மற்ற இருவரையும் சேர்த்துக்கொண்டு தடுத்தார். அளவுமீறி இறைத்தால் அடியில் இருக்கும் உப்புநீர் ஏறும்; உவர்க்கும் என்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை. எஞ்சின் கொட்டிலுக்குள் போயிற்று, சாக்கால் மூடப்பட்டது. அண்ணர் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் துலாவில் ஏறினார். அப்போது அவருக்குப் பதின்மூன்று வயது. அவர் மிதித்த மிதியில்தான் நான் இங்கிலீசு படித்து உபாத்தியாயினி ஆனேன். வெண்பாவில் இது இல்லை.

பதினாறு வருடம் அந்த எஞ்சினில் கோழிகள் முட்டையிட்டன. ஐயாவும் போய்ச் சேர்ந்தார். அண்ணருக்குக் கலியாணமாகி ஒரு பெண்பிள்ளையும் பிறந்தது. பிறகு யுத்தம் வந்தது. துலா மிதித்த ஆட்களெல்லாம் இராணுவ வேலைக்குப் போனார்கள். நாட்சம்பளம் அங்கே இரட்டிப்பு, யார் போகமாட்டார்கள்? எங்களுக்கு மிஞ்சியவர் செல்லன் ஒருவர். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் எங்கள் முறை போயிற்று. எட்டு நாள் தண்ணீர் காணாத புகையிலைக் கன்று பிறகு எழும்பாது. அந்த வருடத்துச் சோறு முழுவதும் அந்தக் கன்றுகளில்தான் நின்றது.

அப்போதுதான் அண்ணர் சாக்கை விலக்கினார். அண்ணி பயந்துபோனா.

"உந்தப் பிசாசை ஏன் இப்ப கிளப்புறியள்?" என்று கேட்டா.

"உது சும்மா ஒரு காவலுக்குத்தானப்பா. செல்லன் வராத முறைக்கு மட்டும்" என்றார் அண்ணர்.

எஞ்சினோடு வந்த இங்கிலீசுப் புத்தகத்தைக் கரையான் பாதி தின்றிருந்தது. மிச்சத்தை நான் வாசித்துச் சொல்ல, அவர் செய்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு அதுதான் வேலை. இறுகிப்போன உள்ளிரும்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டார். பொறி அடிக்கும் முனையை மணற்கடதாசியால் தேய்த்தார். பம்பின் அடிக்குழாயில் இருந்த தோல் வெடித்துப்போயிருந்தது. ஐயாவின் பழைய செருப்பை வெட்டி அதற்குப் போட்டார். "ஐயா கோவிக்கமாட்டார், பிள்ளை. இந்த எஞ்சினுக்காக நடந்த செருப்புத்தானே" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அந்த இரண்டு வாரத்தில்தான்.

புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. எஞ்சினின் பக்கத்தில் சின்னப் பித்தளைப் பிடி ஒன்று உண்டு. எஞ்சினைக் கிளப்பும் சுற்றுக்கம்பியான ஆண்டிலைப் போட்டுச் சுற்றமுன் அதைப் பின்னுக்கு இழுக்கவேண்டும்; எஞ்சின் ஓடத் தொடங்கியபின்தான் முன்னுக்குத் தள்ளவேண்டும். முன்னுக்கு இருக்கும்போது சுற்றினால் எஞ்சின் திருப்பி அடிக்கும், கை முறியும். நான் இதை இரண்டுதரம் வாசித்தேன். அண்ணர் ஒரு கரித்துண்டை எடுத்துக் கொட்டில் தூணில் எழுதினார்: 'முதலில் பிடியைப் பின்னுக்கு இழு.' உங்களுக்குத்தான் தெரியுமே, ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கில்லை. நாளைக்கு வேறை ஆரும் சுத்த வந்தா?" என்றார்.

எஞ்சின் கிளம்பிய அன்று ஊரே வேலியடியில் நின்றது. ஒரு மணித்தியாலம் இறைப்பார், நிறுத்துவார், உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்து உவர் பார்ப்பார், கிணறு ஊறியபின் மறுபடி கிளப்புவார். ஒருநாளும் உவர்க்கவில்லை. ஊரார் 'எஞ்சின் பைத்தியம்' என்றார்கள். இன்றைக்கும் சிலர், அந்தப் பைத்தியம்தான் அவரைத் தின்றது என்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து நாள் கழித்துச் சின்னையாவின் ஆட்களும் இராணுவ வேலைக்குப் போய்விட்டார்கள். சின்னையா எங்கள் வேலிப் படலையடியில் வந்து நின்றார்.

"தம்பி, என்ரை முறைக்கும் ஒருக்கா அதைக் கிளப்பி விடன்."

பதினாறு வருடக் கதை ஒன்றையும் அண்ணர் எடுக்கவில்லை. "ஓம் சின்னையா, வாறன்" என்றார். நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எங்களுக்கு யுத்தகாலக் கூப்பனில் அளந்து கிடைத்த மண்ணெண்ணெயையே அவருடைய தோட்டத்துக்கும் எரித்தார்.

சின்னையாவின் முறை வந்த அன்று பள்ளிக்கூடம் விடுதலை. அண்ணருக்குக் கஞ்சி கொண்டு நான் கிணற்றடிக்குப் போனேன். உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது, சின்னையாவின் தோட்டத்தில் இன்னும் நாலு பாத்தி காய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் நின்றது. எண்ணெய்க் குழாயில் தூசு. அண்ணர் கழற்றி ஊதிப் பூட்டினார். பித்தளைப் பிடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டு ஆண்டிலைப் போடக் குனிந்தார்.

"என்னடா தம்பி தடவிக்கொண்டு நிக்கிறாய்? என்ரை முறையெல்லே முடியப் போகுது! இதை முன்னுக்குத் தள்ளினாத்தானே கெதியாய் ஓடும்!" என்று சொல்லிக்கொண்டே சின்னையா அந்தப் பிடியை முன்னுக்குத் தள்ளினார். எஞ்சின் ஓடும்போது அண்ணர் அப்படித் தள்ளுவதை அவர் கண்டிருக்கிறார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். குனிந்து நின்ற அண்ணர் அதைக் காணவில்லை. நான் கண்டேன்.

ஆண்டில் திருப்பி அடித்து அண்ணரின் மணிக்கட்டைக் கிழித்தது. சின்னையா வாய்க்கால் சேற்றை அள்ளிக் காயத்தில் அப்பித் தன் சால்வையைக் கிழித்துக் கட்டினார். மாட்டெரு போட்ட தோட்டத்துச் சேறு. அண்ணர் மற்றக் கையால் எஞ்சினைக் கிளப்பி, அந்த நாலு பாத்திக்கும் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். ஆசுபத்திரிக்குப் போவோம் என்று நான் அழுதேன்.

"சின்னக் காயம் பிள்ளை. நாளையிண்டைக்கு எங்கடை முறை. அது முடியட்டும்" என்றார்.

எட்டாம் நாள் விடிய அவருக்கு வாய் திறக்கவில்லை. காயத்தில் அழுக்கு மண் ஏறினால் வரும் ஏற்பு வலி. ஆசுபத்திரியில் அவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். நாங்கள்தான் பிந்திப் போனோம். மூன்று நாள் அவர் உடம்பு வில்லாக வளைந்ததைப் பார்த்தோம். கடைசியில் பல்லைக் கடித்தபடியே ஏதோ சொன்னார். அண்ணிதான் விளங்கிக்கொண்டா. "செல்லன் இறைச்சவனோ?" என்று கேட்டாராம். பிள்ளையின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தோட்டம் அவரை அவ்வளவுக்குத் தின்றிருந்தது.

இனி நன்றி சொல்லவேண்டும். வண்டில் கட்டி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன அயலவருக்கும், மூன்று நாளும் அண்ணரின் தலைமாட்டை விட்டு அசையாத தாதிக்கும், செத்தவீட்டில் அடுப்பு மூட்ட வந்த பெண்களுக்கும், இறுதிக் கடமைகளை முறை தவறாமல் நடத்தி வைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. செல்லனுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். உடல் எரிந்த அன்று எங்கள் முறை. யாரும் கேட்காமல் தாமே துலாவில் ஏறி, தமது மகனை நீர் அள்ளும் பட்டை பிடிக்கவைத்துக் கன்றுகளைக் காப்பாற்றியவர் அவர்.

சின்னையாவுக்கும் நன்றி. இந்தக் கல்வெட்டின் அச்சுச் செலவை அவரே ஏற்றார். 'விதிவசத்தால்' என்ற சொல்லைப் புலவரிடம் கேட்டுப் போடுவித்தவரும் அவரே. எட்டாம் நாள் கிரியையான எட்டுச்செலவு அன்று, விருந்தினர் கை கழுவ முன்னரே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, அந்த ஆண்டில் எங்கை? நாளைக்கு என்ரை முறை" என்று கேட்டார். அது என் பெட்டியில் இருக்கிறது. அண்ணி இதையெல்லாம் எழுதவேண்டாம் என்று மன்றாடினா. "சொந்தத்தைப் பகைச்சு இந்தப் பிள்ளையோடை நான் எப்பிடி இருக்கிறது?" என்றா. அவவின் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அண்ணர் பைத்தியத்தால் சாகவில்லை என்று அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு யார் சொல்வது?

அண்ணரின் கரியெழுத்து இன்னும் கொட்டில் தூணில் இருக்கிறது. ஆண்டில் வேண்டுமென்றால் சின்னையா வரலாம். தூணின் முன் நின்று அந்த ஒரு வரியை உரத்து வாசித்துவிட்டு எடுத்துப் போகலாம். கோயிலில் புராணம் முழுவதும் வாசிப்பவர் அன்று அதை வாசிக்கவில்லை. இரண்டுதரம் வாசித்த நானோ, அவர் கை பிடியில் இருக்கக் கண்டும், முறைகாரன் பேச்சுக்குக் குறுக்கே பேசக்கூடாதென்று வாயை மூடிக்கொண்டு கஞ்சிச் சட்டியோடு நின்றேன்.