பாலத்தில் ஒரு பச்சைப் பலகை

ஜொகூர் பாரு லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து யோங் பெங்குக்குப் பன்னிரண்டு ரிங்கிட். நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம். தம்போய்ப் பக்கத்து கார்ப் பட்டறைகளும் அடுக்குவீடுகளும் கழிந்ததும் நெடுஞ்சாலை. அதன் பிறகு செம்பனை, செம்பனை, மறுபடியும் செம்பனை. ஒரு மணி நேரம் ஒரே மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால் எப்பேர்ப்பட்ட ரசிகனுக்கும் கண் சொக்கிவிடும். எனக்கும் சொக்கியது.

யோங் பெங்கில் சரசு அண்ணி காருடன் காத்திருந்தார். எங்கள் தாத்தா காலத்தில் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பங்காளி வீட்டு மருமகள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரக் கடைசியில்தான் வருவார். அண்ணி மாடு வளர்த்து, இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கோயிலுக்கும் பால் ஊற்றுகிறார். வீடு பொந்தியான் போகிற வழியில். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

"வழியில ஏதாச்சும் சாப்ட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். "மாடு ரெண்டு செத்துப் போச்சு. எல்லாம் சுங்கைத் தண்ணிதான். மிச்சம் அஞ்சு இருக்கு, அதையாச்சும் காப்பாத்தணும். மஜ்லிஸ்ல கம்ப்ளேன் பண்ணிருக்கேன். புதன்கிழமை வராங்களாம்."

சுங்கை என்றால் ஆறு. மஜ்லிஸ் என்றால் நகராண்மைக் கழகம். குப்பை, சாக்கடை, ஆற்றுநீர்ச் சோதனை எல்லாம் அவர்கள் பார்ப்பது.

மறுநாள் காலை ஆற்றைப் பார்க்கப் போனோம். நான் திருப்பூர்க்காரன். நொய்யலில் சாயத்தண்ணீர் ஓடிய நாட்களில், ஊரில் என்ன நிறத்துக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடுவோம். இந்த ஆறோ தெளிவாக இருந்தது. பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்ததும்தான் மூக்கில் ஏறியது. பெயின்ட் கடையில் தின்னர் டின்னைத் திறந்த மாதிரி ஒரு நெடி. பழைய பிளாஸ்டிக்கை உருக்குகிற ஒரு கொட்டகைக்குப் பின்னாலிருந்து குழாய் ஒன்று ஆற்றுக்குள் இறங்கியிருந்தது. மாடுகள் மேய்வதும் தண்ணீர் குடிப்பதும் அந்தக் குழாய்க்குக் கீழே. இரவில் கட்டும் தொழுவம் பாலத்துக்கு மேற்பக்கம், கரையோரமாகவே இருந்தது.

பாலத்தின் மேல் கழகம் வைத்த பலகை. பச்சை என்றால் நல்ல நீர், மஞ்சள் என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம். அப்போது மஞ்சள் ஒட்டியிருந்தது. மஞ்சளைப் பார்த்து, தூண்டில் கொண்டுவருகிறவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்றார் அண்ணி. அதுவரைக்கும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை வந்த அதிகாரி ஷர்மிளா, தமிழ்ப் பெண். பாலத்தின் நடுவில் நின்று கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கினார்.

"கீழ வாம்மா, குழாய்கிட்ட எடு" என்றார் அண்ணி.

"முடியாதுக்கா. எங்க ஸ்டேஷன் இந்தப் பாலம்தான் லா. எப்பவும் இங்கதான் எடுப்போம். எடத்த மாத்துனா பழைய ரீடிங்கோட வச்சுப் பாக்க முடியாது."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் குழாய் இருந்ததோ பாலத்துக்குக் கீழே. தண்ணீர் மேல்நோக்கி ஓடினால் ஒழிய அந்த நெடி அந்தப் பாட்டிலுக்குள் வரப்போவதில்லை. இருந்தாலும் ஷர்மிளா சேற்றில் இறங்கி எங்களுடன் குழாய் வரை நடந்தார். முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு, "அலமாக்" என்று மலாயில் மெல்ல அங்கலாய்த்தார். போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"இந்த வாடையச் சோதிக்க எங்ககிட்ட ஒன்னும் இல்லக்கா. ஃபேக்டரி வேற டிபார்ட்மெண்ட். அவங்களுக்கு எழுதுறேன்."

அடுத்த வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"தண்ணியில சாணிக் கிருமி ஜாஸ்தியா இருக்குக்கா. தொழுவம் பாலத்துக்கு மேல இருக்குல்ல, அதுலேர்ந்துதான். பெர்மிட்டும் இல்ல. இந்த மாசத்துக்குள்ள மாட்ட எடுத்துறச் சொல்றாங்க."

"நான் கம்ப்ளேன் பண்ணது என் மாட்டப் பத்தியா?" என்றார் அண்ணி.

"ஃபேக்டரிக்காரங்களப் பத்தி எழுதிட்டேன், இன்னும் பதில் வரல. மாடு மட்டுந்தான் எங்க டிபார்ட்மெண்ட்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தேநீரை நானே எடுத்துக் குடித்துவிட்டேன். அந்தப் பெண் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. சாணிக் கிருமி இருந்தது உண்மை, பெர்மிட் இல்லாததும் உண்மை. அதனால் சண்டை போடக்கூட வழியில்லாமல் போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை லோரி வந்தது. அண்ணியின் கணவர் கயிற்றைப் பிடிக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். நான்கு மாடுகள் ஏறிவிட்டன. கடைசி மாடு முரண்டு பிடித்தது. அண்ணி லோரியில் ஏறி நின்று கூப்பிட்டதும் அதுவும் ஏறிவிட்டது. வாங்க வந்தவரிடம் பாலுக்கா கறிக்கா என்று அண்ணி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று மாலை, கறக்கும் நேரத்துக்கு, பழக்கதோஷத்தில் வாளியோடு தொழுவம் வரை போய்த் திரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து நான் ஊருக்குக் கிளம்பினேன். அதற்குள் ஒரு மழை பெய்து தொழுவத்தைக் கழுவிவிட்டிருந்தது. கழகத்தார் பாலத்திலிருந்து இன்னொரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போயிருந்தார்கள். காரில் போகும்போது பார்த்தேன். பலகையில் பச்சை ஒட்டியிருந்தது. சாணிக் கிருமி குறைந்துவிட்டது போலிருக்கிறது.

பாலத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருவர் மனைவியோடு, குழாய்க்குக் கீழே தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த வாளியில் மீன் துள்ளியது. அண்ணி காரை நிறுத்தி இறங்கிப் போய் மலாயில் ஏதோ மன்றாடினார். அந்த மனிதர் மரியாதையாகச் சிரித்து, பலகையைக் கை காட்டினார். அண்ணி திரும்பி வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பச்சைன்னு போட்டிருக்கே, பயப்படாதீங்கங்குறான்."

நொய்யலில் இந்தச் சிக்கல் வந்ததே இல்லை. அங்கே தண்ணீர் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடித் தன் கேட்டைத் தானே சொல்லியது. அதைத் தொடாதே என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. ஊரில் இருக்கும்போது அதை ஒரு பாக்கியமாக நான் நினைத்ததில்லை.

யோங் பெங்கில் பஸ் தயாராக நின்றது. அண்ணி என் பையை எடுத்துக் கொடுத்தார்.

"நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா அந்த போர்டு மஞ்சளாவே இருந்திருக்கும், தம்பி" என்றார்.