அத்தானின் காரைக் கழற்றியவன்

அத்தானுடைய கடிதம் நான் வேலை செய்யும் கந்தோர் முகவரிக்கு வந்திருந்தது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றம் கிடைத்துவிட்டது, இன்னும் இருபத்தைந்து நாளில் அக்காவும் தானும் திருகோணமலைக்கு வந்துவிடுவோம், ரயிலடிக்குக் காரைக் கொண்டுவரவும் என்று நான்கே வரிகள். அந்தக் கார் அப்போது ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வாடகை வீட்டுக் கொட்டிலில், சில்லுகள் இல்லாமல், மரக்கட்டைகளின் மேல் நின்றது. எஞ்சின் தனியாகத் தரையில் கிடந்தது. மற்றதெல்லாம் பால் ரின்களிலும் பிஸ்கற் பெட்டிகளிலும் ஒரு பழைய ஓலைக் கடகத்திலும் இருந்தன.

கழற்றியவன் நான்தான்.

அத்தான் அப்போதிக்கரி. ஊர் ஊராகப் போய் நோயாளிகளைப் பார்க்கிறவர். கடற்படையிலிருந்து நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கிய அந்தக் கறுப்புக் காரை அவர் தன் கையாலேயே கழுவுவார். மலைப் பாதைக்கு அது தாங்காது என்று பதுளைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போனார். கிழமைக்கு ஒருக்கால் ஸ்ரார்ட் பண்ணி நிறுத்தினால் போதும் என்றார். நான் ஸ்ரார்ட் பண்ணினேன். அது நீலமாகப் புகை தள்ளியது. அவர் திரும்பி வரும்போது புகை இல்லாத காரைக் கொடுத்து அசத்திவிடலாம் என்று நினைத்தேன். எனக்கு வயது இருபத்தெட்டு. எஞ்சின்களைப் பற்றி ஒரு புத்தகம் வாசித்திருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தால் போதும் என்று தொடங்கினேன். ஒன்றைக் கழற்றினால் அதற்குப் பின்னால் இருப்பதையும் கழற்ற வேண்டியிருந்தது. ஆறு மாதத்தில் கழற்றுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. பூட்டுவதற்கு எங்கே தொடங்குவது என்றும் தெரியவில்லை.

கடிதம் வந்த மறுநாளே கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே ஒருவர் இருக்கிறார், வெள்ளைக்காரர் காலத்தில் கடற்படைப் பட்டறையில் வேலை பழகியவர், இப்போது படகு எஞ்சின்களும் டிராக்டர்களும் பார்க்கிறார் என்று துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பர்கள் சொல்லியிருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அதிகம் பேசாத மனிதர். எல்லோரையும் போல நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றே கூப்பிட்டேன்.

சனிக்கிழமை காலையில் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றையும் தொடாமல், காரையும் எஞ்சினையும் ரின்களையும் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இத யாரு கழட்டின?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, அருவருப்பு. ஒருவன் உயிரோடு இருந்த பிராணியை அரைகுறையாக அறுத்துப் போட்டதைப் பார்ப்பது போல் பார்த்தார். ஒரு மெக்கானிக்கைப் பிடித்தேன், கழற்றிப்போட்டு ஆள் ஓடிவிட்டான் என்று சொன்னேன். சொல்வதற்கு ஒரு கணமும் யோசிக்கவில்லை. அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்து நின்ற என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

நானா வேலையை ஏற்றுக்கொண்டார். ஒரே நிபந்தனை, தன்னுடைய வேலையில் நான் கை வைக்கக்கூடாது என்பது.

தினமும் முதல் பஸ்ஸில் வருவார். சாக்குகளை விரித்து, ரின்களில் இருந்தவற்றைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, இனம் பிரித்து வரிசையாக அடுக்கினார். தேய்ந்த ஆணிகளுக்குப் பதில் புதிதாகக் கடைந்து கொண்டுவந்தார். புகை தள்ளியதற்குக் காரணம் நான்கு சிறிய வளையங்கள்தான், எஞ்சினை இறக்காமலே மாற்றியிருக்கலாம் என்று சொன்னார். நான் கந்தோரிலிருந்து வந்து சட்டையும் மாற்றாமல் கொட்டிலுக்குள் எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு நாளும் கார் கொஞ்சம் காராக மாறிக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு விட முடிந்தது.

மனைவிக்கு முடியவில்லை. "அந்த மனுசனுக்கு உண்மையைச் சொல்லுங்கோ. தேத்தண்ணி குடுக்கேக்கை எனக்கு அவற்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் கிடக்கு" என்றாள். வேலை முடியட்டும் என்றேன்.

பத்தாம் நாள் அவர் ஒரு ரின்னை என் முன்னால் கவிழ்த்தார். எஞ்சினின் அடியில் சுழலும் தண்டை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு மூடிகள், மொத்தம் ஏழு. ஒவ்வொன்றும் அதனதன் இடத்துக்கென்றே கடைந்தது, இடம் மாறிப் பூட்டினால் தண்டு சுற்றாது, இறுகிவிடும் என்றார். அடையாளங்கள் தேய்ந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாகப் பூட்டிப் பார்ப்பதென்றால் நாட்கள் போகும். கழற்றிய ஆளிடம் கேட்டால் ஏதாவது நினைவிருக்கும், அவன் எந்த ஊர் என்று கேட்டார்.

கழற்றிய எனக்கே ஒன்றும் நினைவில்லை. உப்புவெளிப் பக்கம், இப்போது கொழும்புக்குப் போய்விட்டான், பேர் தெரியாது என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் தேடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அவர் தேடினார். இரண்டு நாள் கழித்து, நான் சைக்கிளைச் சாத்தும் முன்னரே, ஆளைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். உப்புவெளியிலிருந்து கொழும்புப் பட்டறைக்குப் போன மெக்கானிக் ஒரே ஒருவன்தானாம். தாய்க்குச் சுகமில்லை என்று வேலையை விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். துறைமுகத்துக்குப் போகும் வழியிலுள்ள லொறிக் கராஜில் வேலை கேட்டு நின்றவனை நானா அங்கேயே பிடித்திருக்கிறார். காரைக் கண்ணாலும் கண்டதில்லை என்று அவன் சொன்னானாம்.

"நான் விடல்ல, தம்பி. முதலாளிக்கு முன்னாலயே சொல்லிட்டன், ஒருத்தர்ட காரக் குலைச்சுப் போட்டு ஓடினவன் எண்டு. திங்கக்கிழம வேலைக்கு வரச் சொல்லியிருந்த முதலாளி, அந்த இடத்திலயே ஏலாதெண்டுட்டார்."

எனக்காக ஒரு நியாயம் கேட்டுவிட்ட திருப்தி அவர் குரலில் இருந்தது. அப்போது சொல்லியிருக்க வேண்டும். கை கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி வீட்டுக்குள் போய்க் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன நடந்தது என்று மனைவி கேட்டாள். அவளிடமும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதன் உப்புவெளியில் எங்கோ இருந்துகொண்டு என்னைத் தேடத் தொடங்கியிருப்பான் என்பது மட்டும் விளங்கியது. அடுத்த நாள் கந்தோரில் யார் கதவைத் திறந்தாலும் நிமிர்ந்து பார்த்தேன்.

அவன் சனிக்கிழமை பின்னேரம் வந்தான். என் வயதுதான் இருக்கும். மெலிந்த ஆள், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சைக்கிளை வேலிப் படலையில் சாத்திவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்டுத்தான் வந்தான். கொட்டிலில் நானா எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அவனைக் கண்டதும் ஸ்பானரைக் கையில் பிடித்தபடியே எழும்பினார். அவன் அவரைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்தான்.

"உங்களுக்கு என்னைத் தெரியுமோ?"

"இல்லை."

"இந்தக் காரை நான் கழட்டினனானோ?"

"இல்லை."

"அப்ப ஆர் கழட்டினது?"

அவன் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் சத்தம் போட்டுத் தப்பப் பார்த்திருப்பேன். குசினி வாசலில் மனைவி வந்து நிற்பது தெரிந்தது. அவளுக்கு முன்னால் இன்னொரு பொய் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

"நான்தான்" என்றேன்.

நானா ஸ்பானரைச் சாக்கின் மேல் வைத்தார். சீலைத் துண்டை எடுத்து விரல் விரலாகக் கையைத் துடைத்தார். பிறகு தன் வேலை ஆயுதங்களை ஒவ்வொன்றாகப் பையில் போடத் தொடங்கினார். நான் ஏதோ சொல்லக் கிட்டப் போனேன். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காரக் கழட்டினது பிழையில்ல, தம்பி. தெரியாமச் செஞ்சீங்க. என்ட வாயால இன்னொருத்தன்ட சோத்துல மண்ணைப் போட வச்சீங்களே, அதுதான் பிழை."

உப்புவெளிக்காரன், இப்போதே கராஜுக்கு வந்து முதலாளியிடம் சொல்ல வேண்டும் என்றான். மூன்று பேரும் போனோம். நான் நடுவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். கைதியைக் கூட்டிப்போவது போலத்தான் இருந்திருக்கும். கராஜில் ஏழெட்டுப் பேர் லொறியொன்றின் அடியிலும் மேலுமாக இருந்தார்கள். முதலாளிக்கு என்னைத் தெரியும். கந்தோருக்கு வந்து போகிறவர். அவருக்கு முன்னால் நின்று, காரை நானே கழற்றினேன், இவர் அதைத் தொட்டதும் இல்லை, நான் சொன்ன பொய்யால்தான் இவருக்குக் கெட்ட பேர் வந்தது என்று சொன்னேன். லொறிக்கு அடியில் படுத்திருந்தவன் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டான்.

முதலாளி நாடியைச் சொறிந்தார். நேற்றுத்தான் வேறொருவரை எடுத்துவிட்டேன், அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். உப்புவெளிக்காரன் தலையாட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனான். நானா பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய். யாரும் வரவில்லை. இன்னும் ஆறு நாள்தான். ஏழு மூடிகளும் சாக்கின் மேல் கிடந்தன. நான் கொட்டிலுக்குள் போகவே இல்லை. புதன்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் போனேன். நானா என்னை வீட்டு முற்றத்தில் நிற்க வைத்தே பேசினார். மூடிகளைப் பொருத்த இரண்டு ஆள் வேண்டும், ஒருவர் இறுக்க மற்றவர் தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அந்த உப்புவெளி ஆள் வந்தால் தானும் வருவதாகச் சொன்னார். தனக்கும் அவனோடு ஒரு கணக்குத் தீர்க்க இருக்கிறது என்றார்.

அங்கிருந்து நேரே உப்புவெளி. அவன் வீட்டு வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரு பெண் விடாமல் இருமும் சத்தம் கேட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அம்மாவுக்கு மருந்து வாங்க வேணும். அதுக்காக வாறன். உங்களுக்காக இல்லை."

வியாழக்கிழமை காலையில் இருவரும் வந்தார்கள். கொட்டில் வாசலில் நானா அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். நான் விறாந்தையில் நின்றேன், எனக்குக் கேட்கவில்லை. அவன் தலையை அசைத்தான். பிறகு வேலை தொடங்கியது. அவன் தன் குடிதண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்திருந்தான். மனைவி வைத்த தேநீர் ஆறிப்போய் ஆடை படிந்து கிடந்தது.

மூடிகளை மாற்றி மாற்றிப் பூட்டினார்கள். அவன் இறுக்குவான், நானா தண்டைக் கையால் சுற்றுவார். பாதிச் சுற்றில் அது நிற்கும். இருவரும் பெருமூச்சு விட்டு மறுபடி கழற்றுவார்கள். வேலைக்குப் போகாமல் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். சுற்றும், நிற்கும், சுற்றும், நிற்கும். வெள்ளிக்கிழமை முழுவதும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் அது நிற்காமல் சுற்றியது. இன்னொரு முறை சுற்றியது. கொட்டிலுக்குள் அவன் சிரித்த சத்தத்தை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். எழும்பி வாசல்வரை போனேன். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஞாயிறு பின்னேரம் கார் ஸ்ரார்ட் ஆனது. புகை இல்லை. இருவரும் கைகளைக் கழுவிவிட்டுப் படலையைத் தாண்டிச் சேர்ந்தே போனார்கள்.

திங்கட்கிழமை காலை ரயிலடியில் அத்தான் காரைச் சுற்றி வந்து, அதன் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்து, ஒரு பிழையும் இல்லையே என்று மகிழ்ந்தார். பெட்டிகளை ஏற்றும் முன்னரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்க்காமல் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"அந்தப் பெடியன்ர தாய்க்கு என்ன வருத்தம்?"

தெரியாது, இருமல் கேட்டது என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே உப்புவெளிக்கு ஓட்டினார். வேலிக்கு வெளியே காரை நிறுத்தி, பின் ஆசனத்திலிருந்த மருந்துப் பையை எடுத்தார். நானும் கதவைத் திறந்தேன்.

"நீ இரு" என்றார்.

அவன் படலைக்கு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தான். இருவரும் ஏதோ பேசினார்கள். அவன் காரைப் பார்த்தான், பிறகு வழி விட்டான். அத்தான் உள்ளே போய் முக்கால் மணி நேரம் இருந்தார். அக்காவும் நானும் வெய்யிலில் காருக்குள் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த இரண்டு மாதமும் அத்தான் கிழமைக்கு இரண்டு தரம் உப்புவெளிக்குப் போய்வந்தார். என்னை ஒருமுறையும் கூட்டிப்போகவில்லை. அந்த அம்மா தேறிவிட்டார் என்று அக்கா சொல்லித்தான் அறிந்தேன். மகன் லொறிக் கராஜில் சேர்ந்துவிட்டான் என்பதையும் அவள்தான் சொன்னாள்.